புங்கோடே

மூன்று மாதப் பராமரிப்புத் தொகை கட்டாதவர்கள்
என்று மராட்டியில் தலைப்பு.
லிஃப்டுக்கு இடப்பக்கம், கண்ணாடி இல்லாத பலகை.
ஐந்து பெயர். மூன்றாவது நான்.
நான் என்று சொல்ல முடியாது.
அங்கே இருப்பவள் புங்கோடே.

பூங்கோதை என்ற பெயரை
முலுண்டு மேற்கு, சாய்தர்ஷன், பி விங்
பதினாறு வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறது.
முதலில் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.
இப்போது அது எவ்வளவு உதவி!
புங்கோடே யாரோ விதர்பாப் பக்கத்துக்காரி,
ஆரஞ்சுத் தோட்டத்தை விற்றுத் தின்றவள்,
இருபத்து மூவாயிரத்து எண்ணூற்றைம்பது பாக்கி வைத்தவள்.
பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ.

மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள் எங்கள் வீட்டில்,
கறிவேப்பிலைக்குக் கடன் சொன்னால்கூட.
பல்லார்டு பியரில் இருபத்திரண்டு வருடம்
சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்தவள் நான்.
வெங்காயம் ஏறியது. துவாலை, ஊதுபத்தி, திருகாணி,
ஒருமுறை துபாய்க்கு அறுநூறு இட்லித் தட்டு.
மானம் என்று ஒரு பெட்டியும் ஏறியதில்லை.
போன மே மாதம் கம்பெனியே கரைதட்டி நின்றபோது
எனக்கு வர வேண்டிய சம்பளத்தை
யாரும் எந்தப் பலகையிலும் ஒட்டவில்லை.

ஆத்தூரிலிருந்து அக்கா போனில் கேட்டாள்:
"எந்த பாஷையில போட்டிருக்கான்?"
மராட்டி, என்றேன்.
"அப்பச் சரி," என்று மூச்சுவிட்டாள்.

செக்ரட்டரி காலிந்தி தாம்லே மோசமானவள் இல்லை.
தாளில் ஊசி குத்தும்போதே முகம் சிறுத்துவிட்டது.
அப்ரூவை ஊர்வாசலில் தொங்கவிடுவது என்று
அவர்கள் மொழியில் ஒரு வழக்கு.
அதை என் கையால் செய்ய வேண்டியிருக்கே என்று
மாடிப்படியில் புலம்பினாளாம்.
ஜிதுபாய் வீட்டுக் குஜராத்தியில் அது கூழாங்கல்லாகும்.
கல்லானால் பரவாயில்லை,
பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.
அவர் பெயர் நாலாவது.

காலையில் பலகை முன்னால் சந்தித்துக்கொண்டால்
பக்கத்தில் ஒட்டிய தண்ணீர் அறிவிப்பைப் படிக்கிறோம்.
உரக்க.
"வியாழன் பத்திலிருந்து நாலு வரைக்கும்," என்கிறார்.
"அழுத்தமும் கம்மியாம்," என்கிறேன்.
ஒன்பது நாளாக அதே தாள்.
அந்த வியாழன் போயே போய்விட்டது.

நேற்று ராத்திரி பால் வாங்கிக்கொண்டு நுழைகிறேன்.
புங்கோடே இல்லை.
கறுப்புப் பேனாவால் அவளை அடித்து, மேலே,
முத்து முத்தாக
யாரோ என்னை எழுதியிருந்தார்கள்.

ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான் ஷிவ்முனி.
பலியா ஜில்லாக்காரன், இரவுக் காவல்.
வேலைக்குச் சேர்ந்த வாரம் ஏதோ கூரியருக்காக
என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுப்
பதிவேட்டின் பின்னட்டையில் குறித்துவைத்தவன்.
"ஒருத்தர் பேரைத் தப்பா எழுதித் தொங்கவிட்டா
அது பேயிஜ்ஜதி இல்லையா மேடம்?
எத்தனை நாளாக் கண்ணை உறுத்திட்டே இருந்தது."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்,
என்னமோ எனக்கு வீடே வாங்கிக் கொடுத்ததுபோல.
அந்த முகத்திடம் என்ன சொல்ல?
"ரொம்ப நல்லது பையா," என்றேன்.
பால் பாக்கெட் கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன்,
பூ இன்னும் பு.
பேனாவைக் கேட்டு வாங்கி
எழுத்தின் காலடிக் கொக்கியை வளைத்து நீட்டினேன்.
விதர்பாக்காரி ஊருக்குப் போய்விட்டாள்.
இருபத்து மூவாயிரத்து எண்ணூற்றைம்பது.
பூங்கோதை.

படியில் செருப்புச் சத்தம்.
ஜிதுபாய், கையில் குப்பை வாளி.
அரையடி நகர்ந்து,
நாலாவது வரி என் தோளுக்குப் பின்னால் போகும்படி நின்று,
"நாளைக்கும் தண்ணீர் வராதாம்," என்றேன்.